முருகனுக்கு நேர்ந்த எடை

எனக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று எங்கள் தெருவே காத்திருந்தது. நானும் சேர்ந்துதான் காத்திருந்தேன். இத்தனை உடம்பை வைத்துக்கொண்டு அது வராமல் போனால்தான் ஆச்சரியம் என்று நினைத்திருந்தேன். மாரடைப்பு வரும் என்று எண்ணியவர்களும் உண்டு. அதையும் எதிர்பார்த்து, மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்வேன். கடைசியில் வந்தது கணுக்காலில். அதுவும் ஓர் அரிப்பாக வந்தது. அங்கே போய் யார் காவல் இருப்பார்கள்?

இப்போது புண் ஆறிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று காலை முக்காலியின் மேல் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படிச் சும்மா உட்காருவது எனக்குத் தண்டனை. ஆனாலும் டாக்டரம்மாவின் உத்தரவு.

என் பேர் செல்வக்கனி. பிறந்தது சாத்தான்குளத்துப் பக்கம். வாக்கப்பட்டது தூத்துக்குடியில், கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்கிற வீட்டில். முன்புறம் கடை, பின்புறம் வீடு. கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் மத்தியானச் சோறு எங்கள் அடுப்பில்தான். கல்யாணப் படத்தில் நான் ஒல்லியாக இருப்பேன். வருஷத்துக்கு வருஷம் உடம்பு பூசியபோது ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "அண்ணாச்சி கட நல்லா ஓடுது, வீட்டம்மாவப் பாத்தாலே தெரியுதே" என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பெருமை. எனக்கு இல்லை என்று சொன்னால் பொய்.

குண்டாக இருக்கிறவர்களுக்கு நோய் வரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அது படுத்தே கிடக்கிற குண்டர்களுக்குத்தான் என்று நானாக ஒரு பிரிவினை வைத்திருந்தேன். நான் விடிந்ததிலிருந்து ஓடியாடுகிறவள். என்னை ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கால் நரம்பு புடைத்துச் சுருட்டிக்கொள்கிற நோயையும் பார்த்திருக்கிறேன். மீன் கொண்டுவருகிற பெண்களின் கெண்டைக்காலில் பச்சைப் பச்சையாகக் கயிறு ஓடும். அதெல்லாம் ஒல்லிக் கால்கள். என் காலிலோ ஒரு நரம்பு வெளியே தெரியாது. எல்லாம் சதைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இடது கணுக்காலின் உள்பக்கம்தான் முதலில் அரித்தது. பிறகு தோல் கறுத்தது. சாயங்காலமானால் கால் வீங்கும், விரலால் அமுக்கினால் குழி விழும். காலையில் வடிந்துவிடும் என்பதால் நானும் மறந்துவிடுவேன். என் நாத்தனார் ராஜம் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "மதினி, இது காணாக்கடியில்லா!" என்றாள்.

கண்ணில் படாமல் ஏதோ பூச்சி கடித்து, அதன் விஷம் தோலில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் காரணம் தெரியாத தடிப்புக்கும் அரிப்புக்கும் அதுதான் பேர். அதற்கு மந்திரிப்பார்கள், பச்சிலை கொடுப்பார்கள், உப்பில்லாப் பத்தியம் வைப்பார்கள். மந்திரிப்பும் பச்சிலையும் பரவாயில்லை. உப்பில்லாத சோறு எனக்கு இறங்கவில்லை. உப்புதானே கூடாது, இனிப்புக்குத் தடை சொல்லவில்லையே என்று சோற்றில் கருப்பட்டிப் பாகை ஊற்றிச் சாப்பிட்டேன். பத்தியம் முடிந்தபோது காலின் கறுப்பு அப்படியே இருந்தது. ரவிக்கைகள்தான் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியிருந்தன.

சொறிந்த இடம் புண்ணானது. புண் ஆறுவதாக இல்லை. சேலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

ஒருநாள் காலை அடுப்படியில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தேன். காலில் வெந்நீர் சிந்தினாற்போல் இருந்தது. குனிந்து பாதத்தைப் பார்க்க என் வயிறு இடம் கொடுக்காது. நகர்ந்து நின்று தரையைப் பார்த்தேன். ரத்தம். தரையில் வைத்திருந்த தண்ணீர்ப் பானையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சமும் வலியில்லை. வலியில்லாமல் அத்தனை ரத்தம் போனதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

ராஜம் போட்ட கூச்சலில் இவர் கடையிலிருந்து ஓடிவந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காலில் சுற்றினார். "உக்காரு ஏளா, உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். துண்டு நனைந்தது. இன்னொரு துண்டு வந்தது. அதுவும் நனைந்தது. சைக்கிள் ரிக்ஷா பிடித்தார்கள். ரிக்ஷாக்காரர் என்னைப் பார்த்தார், ஏறி மிதித்துப் பார்த்தார், பிறகு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். நான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை ரத்தம் நிற்கவே இல்லை.

அங்கே ஒரு நர்ஸ் வந்தார். என்னைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்தார், காலை நேராக மேலே தூக்கித் தம் தோளில் சாய்த்துக்கொண்டார், புண்ணின் மேல் பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தம் நின்றுவிட்டது. இவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நாங்கள் உட்காரவைத்து உட்காரவைத்து ரத்தத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

என்னைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா மறுநாள் வந்தார்கள். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி, அதிகம் சிரிக்காத முகம். சிறுநீரை எடுத்து ஒரு நீல மருந்தோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். சர்க்கரை இருந்தால் நிறம் மாறுமாம். நீலம் நீலமாகவே இருந்தது. பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியளா? எனக்குச் சக்கர இல்ல" என்று வார்டில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

அடுத்தது யானைக்கால் பரிசோதனை. அந்த நோயின் புழு இரவில்தான் ரத்தத்தில் நடமாடும் என்று, எல்லாரும் தூங்கியபின் விரலில் குத்தி எடுத்தார்கள். ராஜம் இரண்டு நாள் அழுதுகொண்டே இருந்தாள். புழுவும் இல்லை என்று வந்தது. சர்க்கரையும் இல்லை, யானைக்காலும் இல்லை. அப்புறம் எதற்கு என்னை இங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குப் புறப்படத் தயாரானேன்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார்கள். தொடையில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டி, எழுந்து நிற்கச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்ததும் கெண்டைக்காலில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடினார்கள். பிறகு சொன்னார்கள்.

"மேலே போன ரத்தம் கீழே திரும்பி வருது."

நாம் நரம்பு என்று சொல்வதை அவர்கள் சிரை என்கிறார்கள். கெட்ட ரத்தத்தைக் காலிலிருந்து நெஞ்சுக்குத் திரும்பக் கொண்டுபோகிற குழாய். ரத்தம் கீழே இறங்குவது சுலபம், மேலே ஏறுவதுதான் பாடு. ஏறியது திரும்ப இறங்காமலிருக்கக் குழாய்க்குள் சின்னச் சின்னத் தடுப்புகள் இருக்கின்றன. சைக்கிள் டியூபில் காற்று உள்ளே போகும், வெளியே வராது, அந்த வால்வு மாதிரி. அது கெட்டுப்போனால் ரத்தம் காலில் தேங்கும். தேங்கினால் வீங்கும், அரிக்கும், தோல் கறுக்கும், கடைசியில் புண்ணாகும்.

"அது எதனால கெட்டுப்போச்சு?" என்றேன்.

"பல காரணம் உண்டு. நாள் முழுக்க ஒரே இடத்துல நிக்கிறீங்க. அதோட உங்க எடை. வயிறு பெருத்தா, ரத்தம் மேலே போற வழியை அது அழுத்தும்."

"நான் ஓடியாடுத ஆளு. இது மெலிஞ்சவங்களுக்கு வாரதுல்லா? என் கால்ல ஒரு நரம்பாவது தெரியுதா, சொல்லுங்க?"

"மெலிஞ்சவங்களுக்குத் தெரியும். உங்களுக்குக் கொழுப்புக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

எனக்குக் கோபம் வந்தது. எதைக் கேட்டாலும் உடம்பில் கொண்டுபோய் முடிக்கிறார்களே என்று கோபம். தலைவலி என்று போனாலும் உடம்பைக் குறை, இடுப்புவலி என்று போனாலும் உடம்பைக் குறை. இப்போது கண்ணுக்குத் தெரியாத நரம்புக்கும் உடம்புதான் காரணமா? இந்த அம்மாவுக்கு நம் உடம்பைப் பார்த்தால் பொறாமை என்று ராஜத்திடம் சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள்.

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் அடுக்கினார்கள். தலை தாழ, கால் உயரக் கிடக்கவேண்டும். எழுந்திருக்கக்கூடாது, ஆனால் ரத்தம் உறையாமலிருக்கப் பாதத்தை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். புண்ணுக்கு மருந்து வைத்து விரல் அடியிலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டினார்கள்.

என்னைப் போன்றவளை மல்லாக்கப் போட்டால் என்ன ஆகும்? மின்விசிறியின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று இறக்கைகளை எத்தனை தடவை எண்ணுவது? துறைமுகத்தில் சங்கு ஊதினால், கடைக்கு வண்டி வந்திருக்குமே, யார் இறக்குவார்கள் என்று துடிப்பேன். குழம்பு வாசனை எங்கிருந்தோ வந்தால், புளி கூடிப்போச்சு என்று சொல்வேன். ராஜம் சோற்றை அடிப்பிடிக்க விட்டிருப்பாளா? கடை ஆட்களுக்கு அப்பளம் பொரித்திருப்பாளா? போர்வையை இழுப்பேன், தள்ளுவேன். ஆடுவதற்கு உரிமை இருந்தது பாதத்துக்கு மட்டும்தான். அதை ஆட்டிய ஆட்டத்தில் கட்டிலே கிறீச்சிட்டது.

பக்கத்துக் கட்டிலில் மிக்கேலம்மாள் இருந்தாள். திரேஸ்புரத்தில் மீன் வியாபாரம். பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். "ஏளா, கட்டில ஒடச்சி எம்மேல விழுந்துராத. தையலு பிரிஞ்சிரும்" என்பாள். நான் சண்டைக்குப் போவேன். சிரிப்பில் முடியும்.

ஒருநாள் அவள் தன் சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். எலும்பும் தோலுமான கால். நான் சொன்னேனே, அதே பச்சைக் கயிறுகள், முடிச்சு முடிச்சாக.

"இது எனக்கு ரொம்ப வருசமாக் கெடக்கு. மாதா புண்ணியத்துல ஒரு புண்ணு வந்ததில்ல. ஒனக்கு ஒண்ணுமே தெரியல, ஓட்ட விழுந்துட்டு. எங்கன போயிச் சொல்ல!"

டாக்டரம்மா சொன்னால் பொறாமை என்று தள்ளிவிடலாம். இவளுக்கு என் உடம்பின் மேல் என்ன பொறாமை?

கட்டுப் பிரிக்கிற நாள்தான் பெரிய கண்டம். துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து உரிப்பார்கள். ஒரு தடவை டாக்டரம்மா அதிக நேரம் பார்த்தார்கள். "இது மூடலைன்னா தோலை எடுத்து ஒட்டணும். அதுவும் பிடிக்கலைன்னா யோசிக்கணும்" என்று நர்ஸிடம் சொன்னார்கள். எனக்குக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது. என்ன யோசிப்பார்கள்? காலை எடுப்பதை யோசிப்பார்கள், வேறென்ன? கட்டை ஊன்றிக்கொண்டு என் அடுப்படியில் நான் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன். என் நல்ல காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அவர் என் காலைப் பிடித்துவிட்டது அதுதான் முதல் தடவை. நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"திருச்செந்தூர் போயிட்டு வாரேன். முருகன்ட்ட நேந்துட்டேன் ஏளா. காலு நல்லாயிட்டுன்னா ஒன் எடைக்கு எடை கருப்பட்டி. துலாபாரம்."

பெரிய தராசின் ஒரு தட்டில் ஆள் உட்கார, மறு தட்டில் அதே எடைக்குப் பொருள் வைத்துச் சாமிக்குக் கொடுப்பதுதான் துலாபாரம். பெரும்பாலும் குழந்தைகளை வைத்துத்தான் கொடுப்பார்கள். என்னை உட்காரவைக்கத் துணிந்த மனுஷனை நினைத்து எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கெட்டுப்போன சிரையைக் கட்டிவிட ஓர் ஆபரேஷன் செய்யலாம், அதற்கு முன்னால் எடையைக் குறைக்கவேண்டும் என்று டாக்டரம்மா சாப்பாட்டைச் சுருக்கினார்கள். சோறு ஒரு கரண்டி, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது, கருப்பட்டியை நினைக்கவே கூடாது. அதைக் கேட்டதும் இவர் முகம் வாடிவிட்டது.

"நேந்த அன்னைக்கு ஒனக்கு என்ன எடையோ, அத்தனை கருப்பட்டியில்லா குடுக்கணும்? மெலிஞ்சி போயித் தட்டுல ஏறுனா, எட கொறச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும். வியாபாரி செய்யித காரியமா அது?"

வேடிக்கையாகச் சொல்லவில்லை. தராசில் ஒருநாளும் கள்ளம் காட்டாதவர். யாருக்கும் எடை குறைத்துப் போட்டதில்லை, சாமிக்கா போடுவார்? வேண்டுமானால் ஒன்றிரண்டு சிப்பம் கூடுதலாக வைத்துவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கருப்பட்டியை ஓலையில் பொதிந்து கட்டுவதைச் சிப்பம் என்போம். "தட்டு ரெண்டும் சமமா நிக்கணும். அதுதான் துலாபாரம்" என்றார். அதனால் தூக்குச்சட்டி அடுக்கு நிறைய வந்துகொண்டிருந்தது. நெய்ச்சோறு, உளுந்தங்களி, அதிரசம். என் எடை ஒரு பலம்கூடக் குறைந்துவிடக் கூடாதே என்று ராஜம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டினாள். நான் சாப்பிட்டேன். சாமி காரியம் என்று ஒரு சாக்கு. உடம்புக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்ற பழைய நினைப்பு உள்ளே இன்னும் முழுசாகப் போகவில்லை.

புண் பாதி மூடியதோடு நின்றுவிட்டது. ஒருநாள் டாக்டரம்மா எதிர்பாராத நேரத்தில் வந்தார்கள். அடுக்கைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நேர்ச்சையைச் சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"உங்க நேர்ச்சை கால் நல்லானாத்தானே?"

"ஆமாங்கம்மா."

"கால் நல்லாக எடை குறையணும். எடை குறையக் கூடாதுன்னா கால் நல்லாகாது. அப்புறம் எதுக்குக் கருப்பட்டி?"

இவர் என்னைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார். கணக்கில் புலியான மனுஷன், இந்தக் கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. அடுக்கை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவரே தூக்கிக்கொண்டு வந்த சட்டியில் கஞ்சியும் கீரையும் இருந்தன. "முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ இதத் தின்னு" என்றார்.

பசி என்றால் அப்படியொரு பசி. மிக்கேலம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள், சண்டை போடவும் ஆளில்லை. பசியும் சும்மா கிடப்பதும் சேர்ந்தபோது எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. ஆனால் சாயங்கால வீக்கம் குறைந்தது. புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் வந்தது. கட்டுப் பிரிக்கும்போது கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

பிறகு ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கெட்டுப்போன குழாயைத் தொடை இடுக்கில் கட்டி, ரத்தத்தை வேறு வழியாகப் போகவிட்டார்கள். அது ஒரு வழியை அடைத்தது மட்டும்தான், மற்ற வழிகள் கெடாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். புண் மூடியது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் இன்னும் மெலிவதற்குள் நேர்ச்சையை முடித்துவிட வேண்டுமென்று அடுத்த வாரமே திருச்செந்தூருக்குக் கிளம்பினோம். காலில் எலாஸ்டிக் கட்டு. வண்டியில் எங்களுக்கு முன்னாலேயே சிப்பங்கள் போய் இறங்கியிருந்தன.

தட்டில் சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தேன். என் தட்டு தரையில் பொத்தென்று படிந்தது. சுற்றிலும் கூட்டம். எதிர்த்தட்டில் சிப்பத்தை வைக்கத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, அதன் மேல் இன்னும். நான் அசையவில்லை. மேலும் வைத்தார்கள். தூக்கிவந்த ஆள் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இன்னும் வைத்தார்கள். கருப்பட்டி எங்கள் பிழைப்பு. ஒரு சிப்பத்தின் கனம் என் கைக்குத் தெரியும். அந்தக் குவியலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் சிரித்திருக்கலாம், எனக்குக் காது கேட்கவில்லை. இது அத்தனையும் என் மேல் இருக்கிறது. தூங்கும்போதுகூட இறக்கிவைக்காமல், இத்தனை வருஷமாக இந்த இரண்டு கணுக்கால்களில் நின்றிருக்கிறேன். டாக்டரம்மா வாயால் சொன்னது அந்த நிமிஷம்தான் எனக்குள் இறங்கியது. வெட்கமாக இருந்தது. என் கால்களின் மேல் பாவமாக இருந்தது.

கடைசிச் சிப்பத்தை வைத்ததும் என் தட்டு மெல்ல எழும்பியது. தட்டு இரண்டும் சமமாக நின்றன. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"முருகா, அடுத்த வருசமும் வந்து இங்கன உக்காருவேன். ஆனா ஒமக்கு இதவிடக் கொறச்சலாத்தான் கெடைக்கும். அதுக்கடுத்த வருசம் இன்னுங் கொறையும். கோவிச்சுக்கிடாதயும்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"ஏளா, வருசா வருசம் நட்டம் வரும்னு சாமிட்டயே சொல்லுதியே?"

"மின்கூட்டியே சொல்லிட்டா அது கள்ளம் இல்லைல்லா?" என்றேன்.

இவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முதலில் ஊன்றி இறங்கினேன்.